கரிசல் காற்றும் தின்னரும்
(கோவில்பட்டியில் மாதிரி ரயில் செய்யும் ஆர்வலர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெயிண்ட் கடைக்குப் போனால் நாம் எல்லோரும் முதலில் கேட்பது நிறத்தைத்தான். மெரூன் இருக்கிறதா, அடர்நீலம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி முடித்துவிட்டு, புறப்படும் நேரத்தில் "அப்படியே ஒரு பாட்டில் தின்னரும் கொடுங்க" என்போம். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். இந்த ஊரில், இந்த வெயிலிலும் காற்றிலும், ஒரு சாணுக்குச் சற்றே நீளமான ரயில் பெட்டிக்கு வண்ணம் அடிக்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தின்னரை. அடுத்தது பெயிண்ட் எந்த வகை என்பது. நிறம் மூன்றாவதுதான்.

வண்ணத்தைப் பற்றிப் பேச இதைவிடத் தகுந்த ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. 1898-ல் சென்னையில் பிறந்து, அங்கே அரசு ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு தேவி பால விநோத சங்கீத சபா என்ற நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதப் போனவர் சி. கொண்டையராஜு. 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் இங்கேயே தங்கிவிட்டார். போட்டோ ஸ்டுடியோக்களுக்குப் பின்புலத் திரை எழுதினார். பிறகு சாமி படங்கள். சிவகாசி அச்சகங்கள் வழியாக அந்தப் படங்கள் காலண்டர்களாகி, இந்தியா முழுக்க வீட்டுச் சுவர்களிலும் கடைக் கல்லாக்களின் மேலும் ஏறின. 1976-ல் அவர் காலமாகும்போது, டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று ஒரு சீடர் வரிசையே அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவர் கை வைத்த பரப்புகளை எண்ணிப் பாருங்கள். நாடகத் திரை பெரியது. தூரத்திலிருந்து விளக்கொளியில் பார்ப்பது. ஊர் ஊராகச் சுருட்டி எடுத்துப் போவது. எண்ணெய் வண்ணத்தைக் கனமாகப் பூசினால் சுருட்டும்போதே வெடித்துப் போகும். ஸ்டுடியோத் திரை கேமராவுக்கானது. விளக்கு பட்டால் மினுங்கக் கூடாது. காலண்டருக்கான மூலப்படம் அச்சகத்துக்குப் போய்ப் படமெடுக்கப்பட வேண்டியது. அதிலும் பளபளப்பு ஆகாது, நுணுக்கம் மட்டும் கைவிரல் அளவில் வேண்டும். பரப்பு மாறினால் வண்ணத்தின் உடம்பே மாற வேண்டும் என்பது இந்த ஊர் ஓவியர்கள் அன்றாடம் கையாண்ட அறிவு. மாதிரி ரயில் அதே அறிவுக்கு வந்திருக்கும் இன்னொரு பரப்பு. மிகச் சின்னப் பரப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். உலகில் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ.; நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. சென்னை ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை செய்த பழைய அகலப்பாதைப் பெட்டி 21.3 மீட்டர் நீளம், எச்.ஓ.வில் அது 245 மில்லிமீட்டர். இப்போது இந்தப் பெட்டிக்குத் தூரிகையால் எனாமல் பூசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சின் கனம் 0.1 மில்லிமீட்டர் வந்தால் போதும், 87 மடங்கு பெருக்கிப் பார்த்தால் 8.7 மில்லிமீட்டர். நிஜப் பெட்டியின் மேல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் அப்பியது போல ஆகும். ரிவெட் தலைகள், கதவு ஓரங்கள், ஜன்னல் கம்பிகள் எல்லாம் அதற்குள் முங்கிப் போகும். வண்ணம் சரியாக இருந்தும் மாதிரி பொம்மை போலத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் கனம்தான். காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் இதற்காகத்தான் வேண்டும். அதன் பூச்சு தூரிகைப் பூச்சின் கனத்தில் சிறு பங்குதான் இருக்கும். தூரிகைத் தடமும் விழாது.

ஏர்பிரஷ் பிறந்ததும் ரயிலுக்காக அல்ல, படத்துக்காக. 1879-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் அதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1890-களில் சார்லஸ் பர்டிக் அதைப் பேனா போலப் பிடிக்கும் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, இங்கிலாந்தில் தயாரிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அதற்கு இருந்த பெரிய சந்தை போட்டோ ஸ்டுடியோக்கள். பெரிதாக்கிய முகப்படங்களில் நிழலை மென்மையாக்கவும், பின்னணியை மறைக்கவும், கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றவும் அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குக் கோடு தெரியாமல் நகர்வது அதன் சிறப்பு. ரயிலில் நமக்கு அது எங்கே வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது காற்றுக்கு வருவோம். ஏர்பிரஷின் முனையில் பெயிண்ட் உடைந்து மிக நுண்ணிய துளிகளாகிறது. அந்தத் துளி முனையை விட்டுப் பெட்டியின் மேல் போய் விழுவதற்குள் அதிலுள்ள தின்னரில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். மிச்சமுள்ள ஈரத்தால்தான் துளிகள் பரப்பில் படிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மட்டமான படலமாகும். சென்னையிலோ நாகர்கோவிலிலோ மார்கழி மாதம் இதற்கு நேரம் இருக்கிறது. கோவில்பட்டியில் சித்திரை, வைகாசிப் பகலில் இல்லை. துளி பாதி வழியிலேயே காய்ந்து, தூளாக வந்து ஒட்டுகிறது. கையால் தடவினால் மணல்தாள் போலச் சொரசொரக்கும். பெயிண்ட் கெட்டுவிட்டது, ஏர்பிரஷ் மட்டம் என்றெல்லாம் பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். கெட்டது எதுவும் இல்லை. தின்னர் அந்த நாளுக்கு ரொம்ப வேகமானது, அவ்வளவுதான்.

கார் டிங்கரிங் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தின்னரில் வேகமானது, நடுத்தரமானது, மெதுவானது என்று பிரித்துச் சொல்வார்கள். வெயில் காலத்தில் மெதுவான தின்னரோ, சாதாரணத் தின்னரோடு, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சமோ கலப்பார்கள். நம் ஊரில் மாதிரிக்கு வண்ணம் அடிப்பவருக்கு நேரடியாக உதவக்கூடிய பாடம் வெளிநாட்டுப் புத்தகங்களைவிட அந்தப் பட்டறைகளில்தான் இருக்கிறது. குளிர் நாட்டுக்காரர் எழுதிய கலவை விகிதத்தை அப்படியே எடுத்து பசுவந்தனை ரோட்டில் மதியம் இரண்டு மணிக்கு அடிக்க முடியாது.

பதம் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய இந்த ஊர்க் கடலைமிட்டாயின் உயிர் அதன் பாகுப் பதத்தில் இருக்கிறது. பாகு காய்ச்சுகிறவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் இறக்குகிறார், கடிகாரத்தைப் பார்த்து அல்ல. பெயிண்டும் தின்னரும் கலப்பதும் அப்படியே. ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கெல்லாம் தொடங்குவதற்கு மட்டும். கலந்த பெயிண்டைக் கிண்ணத்தின் உள்சுவரில் குச்சியால் மேலே இழுத்து விடுங்கள். கட்டியாக நின்றால் இன்னும் தின்னர் வேண்டும். நிறமே ஒட்டாமல் நீராக ஓடினால் அதிகமாகிவிட்டது. மெல்லிய, ஒளி ஊடுருவும் படலம் ஒன்றை விட்டுவிட்டுச் சீராக இறங்கினால் அதுதான் பதம். அதே பெயிண்டுக்கு ஐப்பசி மழையில் ஒரு பதம், பங்குனி வெயிலில் வேறு பதம். ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எந்தப் பெயிண்ட்? நம் வேலைக்கு வருவது மூன்று குடும்பங்கள். எனாமல், லேக்கர், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்.

எனாமல் எண்ணெய்க் குடும்பம். மாதிரி செய்கிறவர்களிடம் உலகப் புகழ் பெற்றது இங்கிலாந்தின் ஹம்ப்ரோல் சிறு டப்பாக்கள். நம் கடைகளில் மரத்துக்கும் இரும்புக்கும் கிடைக்கிற சிந்தெட்டிக் எனாமலும் இதே உறவுதான். ஆனால் அதன் பூச்சு கனமானது, நிறத்தூள் அவ்வளவு நுண்மையாக அரைக்கப்படாதது. இதற்குத் தின்னர் டர்பன்டைன், அதாவது கடையில் எம்.டி.ஓ. என்று கொடுப்பது. காசு மிச்சம் என்று மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அது முழுதாக ஆவியாகாமல் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப் போகும், பெயிண்ட் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். எனாமல் நிதானமாகக் காய்வதால் வெயிலில் தூளாகும் தொல்லை குறைவு. படலம் அழகாக மட்டமாகும். ஆனால் நிதானமாகக் காய்கிற எதன் மேலும் கரிசல் புழுதி இறங்கும். ஆடிக்காற்றில் ஜன்னல் சாத்தியிருந்தாலும் மேஜை மேல் மண் படிகிற ஊர் இது. தெற்கே கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. எனாமல் அடித்த பெட்டியை உடனே மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்து மறுநாள் வரை தொடாமல் இருக்க முடிகிறவர்களுக்கே அது சரிவரும்.

லேக்கர் வேகமான குடும்பம். டிங்கரிங் பட்டறையின் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும், ஜப்பானில் மாதிரிகளுக்கென்றே வரும் மிஸ்டர் கலர் போன்றவையும் இதில் சேரும். நிமிடங்களில் காயும், பிடிப்பு நன்றாக இருக்கும், பூச்சு மிக மெல்லியது. புழுதி படிவதற்குள் காய்ந்துவிடுவதால் இந்த ஊருக்கு ஏற்றது என்று தோன்றும். பாதி உண்மை. மீதிப் பாதி இரண்டு ஆபத்துகள். முதலாவது, கடையில் சில்லறையாகக் கொடுக்கும் என்.சி. தின்னரில் டொலுவீன், அசிட்டோன் போன்ற வலுவான கரைப்பான்கள் இருக்கும். மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஈரமாக அடித்தால் அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்து, மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். பல வாரம் உழைத்துச் செதுக்கிய பெட்டி ஒரு நிமிடத்தில் போய்விடும். இரண்டாவது, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஈரமாக இருக்கும்போது, லேக்கர் வேகமாக ஆவியாகிற குளிர்ச்சியில் காற்றிலுள்ள நீராவி பூச்சின் மேலேயே பனித்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கறுப்பு எஞ்சின் மேல் இது அப்பட்டமாகத் தெரியும். அந்த நாளில் அடிக்காமல் இருப்பதுதான் மருந்து. அவசரமென்றால் மெதுவான தின்னர் கலக்க வேண்டும்.

தண்ணீர் அக்ரிலிக் மூன்றாவது. இதிலும் உள்பிரிவு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் அவதிப்படுகிறார்கள். ஸ்பெயினின் வயெஹோ போன்றவை உண்மையான நீர்க் குடும்பம். அதில் ஆல்கஹால் ஊற்றினால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். ஜப்பானின் டாமியா அக்ரிலிக் தண்ணீரிலும் கரையும், ஆனால் அதன் இயல்பு ஆல்கஹால் குடும்பம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்தால் நன்றாக அடிக்க வரும். பெயர் இரண்டுக்கும் அக்ரிலிக்தான். ஆகவே ஒரு கம்பெனிப் பெயிண்டுக்கு இன்னொரு கம்பெனித் தின்னரைக் கலக்கும் முன் பாட்டில் மூடியில் இரண்டு சொட்டு கலந்து ஐந்து நிமிடம் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கேம்லின் அக்ரிலிக் டியூப்புகள் ஓவியத்துக்கானவை; அவற்றையும் ஏர்பிரஷில் அடிக்கலாம், ஆனால் கரைத்த பிறகு பழைய நைலான் துணியில் வடிகட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் முனை அடைத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் என்று சொன்னதும் எந்தத் தண்ணீர் என்ற கேள்வி கரிசல்காட்டில் வரத்தான் செய்யும். உப்புத் தண்ணீரில் பெயிண்ட் கலக்காதீர்கள். காய்ந்த பின் வெள்ளை உப்புத்தடம் விடும், சில பெயிண்டுகள் திரியவும் செய்யும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் வரும். நீர் அக்ரிலிக் இந்த வெயிலில் ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். கம்பெனிகள் விற்கும் ரிடார்டர் மீடியம் சில சொட்டுகள் சேர்த்து, பக்கத்தில் தின்னரில் நனைத்த சின்னத் தூரிகை ஒன்றை வைத்துக்கொண்டு, அவ்வப்போது முனையைத் துடைத்தால் வேலை ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் என் தீர்மானமான சிபாரிசு இந்தக் குடும்பம்தான். வீட்டுக்குள் அடிக்கலாம், நாற்றம் குறைவு, கழுவுவது சுலபம்.

ஒரு பூச்சின் மேல் இன்னொன்று அடிக்கும்போது ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். காய்ந்த லேக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லேக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருட்டிக்கொண்டு எழும்பிவிடும்.

பெயிண்ட் எதுவாயினும் அது பிடிக்கும் தரை சரியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் போதும், பெயிண்ட் விலகிக்கொள்ளும். பித்தளையில் சாதாரண பெயிண்ட் நிற்காது, நகத்தால் உரித்தால் தோலாக வரும். அதற்கு ஆட்டோ பெயிண்ட் கடையில் கிடைக்கும் எட்ச் பிரைமர் வேண்டும். இப்போது பலர் முப்பரிமாண அச்சில் ரெசின் பெட்டிகள் எடுக்கிறார்கள். அவற்றை ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதாகக் கெட்டியாக்காமல் பிரைமர் அடித்தால், உள்ளேயுள்ள பிசின் பின்னால் கசிந்து வெளியே வரும். பிரைமர் சாம்பல் நிறமாக இருந்தால் தவறுகள் நன்றாகத் தெரியும். மஞ்சளுக்கு மட்டும் வெள்ளைப் பிரைமர். மஞ்சள் மூடும் சக்தி குறைந்த நிறம். ஸ்டேஷன் பெயர்ப்பலகையின் மஞ்சளை சாம்பல் மேல் அடித்தீர்களானால் எத்தனை பூச்சு அடித்தாலும் பச்சை கலந்த அழுக்கு மஞ்சளாகவே இருக்கும்.

ஏர்பிரஷ் வாங்குவதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. கருவியைப் பற்றிய பேச்சுக்கு முடிவே கிடையாது. மேலே கிண்ணம் உள்ள, இரட்டை இயக்கம் கொண்ட, 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள ஒன்று போதும். இரட்டை இயக்கம் என்றால் விசையை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட். தொடக்கத்தில் கை ஒத்துழைக்காது, ஒரு வாரத்தில் பழகிவிடும். பிரைமருக்கும் வார்னிஷுக்கும் 0.5 முனை வசதி. 0.2 முனை நுண்கோடுகளுக்கு. ஆனால் இந்தப் புழுதியில் அது அடிக்கடி அடைக்கும், ஆகவே முதல் ஏர்பிரஷாக அதை வாங்காதீர்கள். நான் கண்டிப்பாகச் சொல்வது கம்ப்ரஸரைப் பற்றி. காற்றுத்தொட்டி, அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், நீர் பிடிக்கும் வடிகட்டி மூன்றும் இருக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் காற்று துடித்துத் துடித்து வரும். 15 முதல் 20 பி.எஸ்.ஐ. நம் வேலைக்குப் போதும். வெயில் நாளில் இன்னும் கொஞ்சம் குறைத்து, ஏர்பிரஷைப் பரப்புக்கு நெருக்கமாக, ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோய் அடித்தால் துளி காய்வதற்கு நேரம் கிடைக்காது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து குழாய் இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் அழுத்தம் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் போகும், எண்ணெயும் ஈரமும் சேர்ந்து வரும். நல்ல ரெகுலேட்டரும் எண்ணெய் வடிகட்டியும் இல்லாமல் வேண்டாம்.

இனி நிறம். எதைச் செய்யப்போகிறோம் என்று தெரிந்தால்தான் நிறத்தைப் பேச முடியும். எனக்கு ஓர் ஆசை இருக்கிறது, அதை உங்கள் முன் வைக்கிறேன். இங்கிருந்து தெற்கே அடுத்த ஸ்டேஷன் குமாரபுரம். இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி ஒரு சிறுகதையின் தலைப்பாகவே ஆக்கிவிட்ட ஸ்டேஷன் அது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர்கேஜ் பாதையில், கரிசல்காட்டு நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். பெரிய ஜங்ஷன்களைச் செய்ய இடமும் பணமும் வேண்டும். ஒரு நீளமான பலகையின் மேல் ஒற்றை நடைமேடை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு மீட்டர்கேஜ் பாசஞ்சர் ரயில், சுற்றிலும் கரிசல். இது இந்த ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது. வேறு யாரும் செய்யப் போவதில்லை. புனேயில் ஜோஷி என்பவர் குடும்பம் 1998-லிருந்து ஒரு மாதிரி ரயில் அருங்காட்சியகத்தையே நடத்துகிறது. ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். நம்மால் ஒரு ஸ்டேஷனாவது செய்ய முடியும்.

அளவுக் கணக்கும் நமக்குச் சாதகம். இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், எச்.ஓ.வில் அது 19.3 வர வேண்டும், ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5. அந்தச் சமரசம் கண்ணை உறுத்தும். மீட்டர்கேஜுக்கு எச்.ஓ.வில் 11.5 வேண்டும், ஐரோப்பாவின் மீட்டர்கேஜ் மாதிரிகளுக்காக 12 மில்லிமீட்டர் பாதை கிடைக்கிறது. ஏறக்குறைய சரி. கட்டைகளுக்கு வெளியூர் போக வேண்டாம். மீட்டர்கேஜ் மரக்கட்டை ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம். 87-ல் ஒரு பங்கு 21 மில்லிமீட்டர் நீளமும் 2.3 மில்லிமீட்டர் அகலமும் வரும். மருந்து வைக்காத தீக்குச்சியை நடுவில் வெட்டினால் கிட்டத்தட்ட அந்த அளவில் இரண்டு கட்டைகள். தீப்பெட்டி ஆபீஸ் உள்ள ஊரில் இது கிடைக்காமலா போகும்!

எஞ்சின் ஒய்.பி. வகை நீராவி எஞ்சின். 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் செய்யப்பட்ட, இந்திய மீட்டர்கேஜின் உழைப்பாளி. அது கறுப்பு. ஆனால் பாட்டிலில் உள்ள கறுப்பை அப்படியே அடிக்காதீர்கள். மாதிரியை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, நிஜ எஞ்சினை 87 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நடுவிலுள்ள காற்றும் வெளிச்சமும் எந்தக் கறுப்பையும் வெளுக்க வைக்கும். அடர்சாம்பல் அடியுங்கள், புகைப்பெட்டிக்கு வெப்பத்தில் வெந்த பழுப்புச் சாயல் கொஞ்சம். சுத்தக் கறுப்பை நிழல் விழும் அடிப்பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் மெரூன். வேக்குவம் பிரேக் காலத்துப் பெட்டிகளின் அடையாளம் அது. 1990-களில் ஏர்பிரேக் பெட்டிகள் பரவியபோதுதான் நீலம் வந்தது. எனவே நீலப் பெட்டியை நீராவி எஞ்சினோடு மாட்டினால் காலம் குழம்பிவிடும். மெரூனைச் சிவப்பில் கறுப்பு கலந்து செய்யாதீர்கள், சேறாகும். ரெட் ஆக்சைடில் கிரிம்சன் சேர்த்து, ஒரு பொட்டு நீலம் விட்டால் அந்த ஆழம் வரும். அதன் மேல், வெயில் அதிகம் படும் மேற்பகுதியில் மட்டும், கொஞ்சம் வெளுத்த மெரூனை மிகவும் நீர்க்கக் கலந்து, ஏர்பிரஷை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியக் கூடாது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கு முன் படங்களின் நிழலைத் திருத்தப் பிறந்த கருவி ரயிலில் செய்யும் முதன்மையான வேலை இதுதான்.

அடுத்து, புழுதி. எனக்கு இந்தக் கலையிலேயே பிடித்த பகுதி இது. எல்லா ஊர் ரயிலும் ஒரே மாதிரி அழுக்காவதில்லை. பிரேக் கட்டையிலிருந்து வரும் இரும்புத்தூள் சக்கரங்களைச் சுற்றி எங்கும் துருப்பழுப்பாகப் படியும். அதற்கு மேல் ஊருக்கு ஊர் மாறும். தேரிக்காட்டுப் பக்கம் ஓடுகிற வண்டியில் சிவப்பு மண் ஏறும். நம் பக்கம் ஓடுவதில் கரிசல். கரிசல் என்றதும் கறுப்பு எடுக்காதீர்கள். மழை பெய்த மறுநாள்தான் அது கறுப்பு. காய்ந்து பாளம் பாளமாக வெடித்த கரிசல் சாம்பல் கலந்த பழுப்பு. அதன் புழுதி இன்னும் வெளுப்பு. காட்டிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டே நிறம் கலக்குங்கள். பெட்டியின் கீழ்ப் பாதியில் இந்தப் புழுதி நிறத்தை எனாமலில் அடித்து, அரைகுறையாகக் காய்ந்ததும் டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால், மழைநீர் வழிந்த தடங்கள் வரும். கீழே உள்ள பூச்சு அக்ரிலிக்காகவோ லேக்கராகவோ இருந்தால் டர்பன்டைன் அதைத் தொடாது. எனாமலின் நிதானக் குணம் நமக்கு இங்கேதான் பெரிய உதவி.

ரயிலுக்குப் பின்னால் ஒரு வானம் வேண்டுமே. அதற்கு ஏர்பிரஷைவிட இந்த ஊர்த் திரை ஓவியர்களின் முறை நல்லது. பளபளப்பில்லாத வண்ணம், அடிவானத்தை நோக்கி வெளுத்துக்கொண்டே வரும் நீலம், அகலத் தூரிகை. பழைய ஸ்டுடியோத் திரை எழுதிய கைகள் இன்னும் நம் நடுவில் இருக்கின்றன. அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். அவர்கள் ஒரு மாலையில் சொல்லித் தருவதை நாம் ஒரு வருடம் தடவித் தடவிக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைசியாக, தீயைப் பற்றியும் மூச்சைப் பற்றியும். தீப்பெட்டி, பட்டாசு வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குத் தீ எப்படிப் பிடிக்கும் என்பது தெரியும். ஆனால் தின்னர் ஆவி கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஏமாந்துவிடுகிறோம். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், தூரத்தில் உள்ள பொறியைக்கூடத் தேடிப் போய்ப் பற்றும். லேக்கர் அடிக்கும் அறையில் அடுப்பு, ஊதுபத்தி, கம்ப்ரஸரின் சுவிட்ச் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கம்ப்ரஸரை அடுத்த அறையில் வைத்து நீளக் குழாய் போடுங்கள். மூக்கில் கைக்குட்டை கட்டுவதும், புழுதிக்கான முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது; கரியடைத்த வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். அதை வாங்காதவர் லேக்கர் அடிக்க வேண்டாம். அக்ரிலிக் அடிக்கும்போதும் நுண்துளி நுரையீரலுக்குப் போகும் என்பதால் கவசம் இல்லாமல் அடிக்காதீர்கள். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் என்.சி. தின்னர் போகவே கூடாது. இதில் நான் யாரோடும் பேரம் பேச மாட்டேன்.

ஆளுக்கொரு கம்ப்ரஸர் வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, காற்று இறங்கியிருக்கும் அதிகாலையில், ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் முறை வைத்து அடிக்கலாம். முதல் நாளே பெட்டியை எடுக்காதீர்கள். ஐஸ்கிரீம் கடைப் பிளாஸ்டிக் கரண்டிகள் ஒரு டஜன் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவை அடித்து, பின்பக்கம் பெயிண்டின் பெயர், தின்னர், எத்தனைக்கு எத்தனை, அன்றைய வெயில், நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கரண்டிகளைக் கொண்டு வாருங்கள். சித்திரைக் கரண்டியையும் ஐப்பசிக் கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குமாரபுரத்துப் பெட்டிக்கு எந்தக் கலவை என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்வோம்.